சலவைக்கல்லும் குருந்தக்கல்லும்

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதிய கடிதம் ஒரு வார காலமாக நம் மேஜையின் மீது கிடந்தது. மற்றக் கடிதங்களுக்குப் போல் அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட முடியவில்லை. கடிதத்தின் சாரம் இது: அவர்கள் வீட்டு ஸ்நான அறையில், கை கழுவும் தொட்டியைப் பதித்திருக்கும் வெள்ளைச் சலவைக்கல் மேடை முழுவதும் கீறலாகிவிட்டது. அந்தக் கல், அவருடைய மாமனாரின் தகப்பனார் காலத்தில் ராயபுரத்து வீட்டில் இருந்த ஒரு மேஜையின் மேற்பலகையாம். அந்த வீட்டை இடித்தபோது மற்ற சாமான்களெல்லாம் கைமாறிப் போக, இந்தக் கல்லை மட்டும் பத்திரமாய்க் கொண்டுவந்து புது வீட்டில் பதித்திருக்கிறார்கள். இப்போது அதைப் பாழாக்கியவள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள்தான் என்று தீர்மானம் செய்து, மூன்று மாதமாக அவளுடைய சம்பளத்தில் மாதம் ஐந்நூறு ரூபாய் பிடித்து வருகிறார்கள். "கீறலை எடுக்க வழி உண்டா? அல்லது, கல்லையே பெயர்த்துவிட்டுக் கீறல் விழாத புதுக் கல் ஒன்று போட்டுக்கொள்ளும்படி மேஸ்திரி சொல்லுகிறாரே, அப்படிச் செய்யலாமா?" என்பதுதான் சகோதரியின் கேள்வி.

சம்பளம் பிடிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. போகிற போக்கில் சொல்லியிருந்தார், அவ்வளவே. நமக்கோ கல்லைக் காட்டிலும் அந்த ஐந்நூறு ரூபாய்தான் மனத்தில் உறுத்திற்று. ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்கள் எழுந்த நாள் முதல், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும் மணல் மெரினாவில் தங்கிவிட்டதும், ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததும், அதைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பதும் அந்தப் பக்கத்து நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கரை மணலைக் கடல் கொண்டுபோயிற்று. ஆனால் காலோடும் செருப்போடும் காற்றோடும் வீட்டுக்குள் வந்து சேருகிற மணலுக்கு மட்டும் குறைவில்லை. இந்த மணல் நம் வழக்கில் ஒரு முக்கியமான சாட்சி என்பதைப் பின்னால் பார்ப்போம். பட்டினத்தார் சகலத்தையும் துறந்து வந்து சமாதியடைந்த ஊரில், ஒரு சலவைக்கல்லின் மீது இத்தனை பற்றா என்றும் வழியில் ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. எனினும் பரம்பரைச் சொத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்னும்போது யாரைக் குறை சொல்வது?

மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் அறையின் மின்விளக்கை அணைக்கச் சொன்னோம். ஒரு கை விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்து, வெளிச்சம் கல்லின் மேல் தவழ்ந்து போகும்படி செய்தோம். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கீறலாய்த் தெரிகிற கல், இப்படிப் பார்க்கும்போது தன் கதையைத் தனித்தனியாகச் சொல்லிவிடும். நாம் கண்டவை நான்கு விதம்.

குழாயைச் சுற்றிலும், அதிலிருந்து தொட்டியை நோக்கியும், பளபளப்பு இல்லாமல் மங்கிய திட்டுக்கள். அங்கங்கே ஒரு செம்பின் அடிப்பாகம் அளவுக்கு வட்ட வட்டமான வெண்தழும்புகள். இவற்றின் மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. இவை கீறலே அல்ல. புளிப்புப் பொருள் பட்டு அரித்த இடங்கள். இரண்டாவது, சோப்புப் பெட்டி வைக்கும் மூலையிலும் மேடையின் நடுவிலும் சிலந்திக்கூடு போல் சுற்றிச் சுற்றி ஓடுகிற மெல்லிய கோடுகள். தண்ணீர் தெளித்தால் அவை மறைந்தன, உலர்ந்ததும் மீண்டும் தோன்றின. இப்படி ஈரத்தில் மறையும் கோடுகள் ஆழமில்லாதவை. மூன்றாவது, சாம்பல் நிறமாக ஐந்தாறு கோடுகள். இவை பள்ளமே அல்ல. பென்சில் காகிதத்தில் எழுதுவதுபோல், தகர டப்பாவின் விளிம்பு கல்லின் மேல் தன் உலோகத்தைத் தடவிவிட்டுப் போயிருக்கிறது. நான்காவது ஒன்றே ஒன்று: குழாய்க்கு அருகிலிருந்து சுவர் வரையில் நகம் தடுக்கி நிற்கிற ஆழமான ஒரு வெட்டு. வீட்டுப் பையன் உடனே, "அது போன வருஷம் குழாய் மாற்ற வந்தவர் ஸ்பானரைப் போட்டதுதான்" என்றான்.

புளிப்பு எங்கிருந்து வந்தது? வீட்டில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிவிட்டது பல வருஷமாகத் தெரிந்த செய்தி. கடலை ஒட்டிய கிணறுகளில் உப்புக் கரிப்பது அந்த வட்டாரமெங்கும் உள்ள கஷ்டம். குழாயின் அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பை எடுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். பெரிய அம்மாள், அதாவது சகோதரியின் மாமியார், சற்றுத் தயங்கிவிட்டு, மாதம் ஒரு முறை ஆசிட் வாங்கித் தாமே ஊற்றித் துடைப்பதாகச் சொன்னார்கள். வட்டத் தழும்புகளுக்கும் காரணம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைச் செம்பையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் துலக்கி அந்த மேடையின் மேலேயே வைப்பது வழக்கமாம்.

சலவைக்கல் என்பது உயர்ந்த பெயர்தான். ஆனால் அதன் ஜாதி சுண்ணாம்பு. கிளிஞ்சலில் இருப்பதும் மக்ரானாச் சலவைக்கல்லில் இருப்பதும் ஒரே கால்ஷியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் அது கரியமில வாயுவாகப் பொங்கிக் கரைந்து போகிறது. புளியும் எலுமிச்சையும் வினிகரும் செய்வதும் அதே காரியந்தான். வேகம் மட்டும் குறைவு. ஆகவே சலவைக்கல்லை ஆசிட்டால் "சுத்தம்" செய்வதென்றால், அழுக்கோடு கல்லையும் சேர்த்துக் கழுவிக் கொட்டுவது என்று அர்த்தம். உப்புப் படிவத்தை எடுக்க வேண்டுமானால், ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்துவிட்டு மரச்சீவலால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். தினமும் குழாயடியைத் துணியால் உலர்த்திவிட்டால் படியவே படியாது.

இனி மெல்லிய கோடுகள். கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரையில் வரிசைப்படுத்தியவர் பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர், ஆண்டு 1812. அந்த வரிசையில் சலவைக்கல்லுக்கு மூன்று. நம் நகத்துக்கு இரண்டரை. எஃகுக் கத்திக்கு ஐந்தரை. கடற்கரை மணலில் இருக்கும் படிகக்கல்லுக்கு ஏழு! கடினம் மிகுந்தது குறைந்ததைக் கீறும் என்பதே விதி. சோப்புப் பெட்டியின் அடியில் நாலு மணல் இருந்து, பெட்டியை இப்படியும் அப்படியும் இழுத்தால் போதும், கீறல் தானே விழும். அதற்கு மேல் பாத்திரம் துலக்கும் பொடியும் கம்பி நாரும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

வேலைக்கு வருகிற அம்மாளும் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "எதனால் தேய்ப்பாய், அம்மா?" என்று கேட்டோம். "பொடியும் கம்பி நாரும்தாங்க. வாங்கிக் குடுக்கறதே அவங்கதானே, நான் வேற எதால தேய்க்கிறது?" என்றாள். குரலில் கோபம் ஒன்றுமில்லை. சொல்லிவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பெரிய அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கீறலை "எடுப்பது" என்று நாம் பேசுகிறோமே, அது சரியான வார்த்தையே அல்ல. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியுமா? பள்ளத்தின் அடிமட்டம் வரையில் சுற்றிலுமுள்ள கல்லைத்தான் குறைக்க முடியும். கீறலைப் போக்கும் ஒவ்வொரு முறையும் கல் அந்த அளவுக்குத் தேய்கிறது. ஆகையால் எந்தக் கீறலைப் போக்குவது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கையை வைக்க வேண்டும். மெல்லிய கோடுகளுக்காகத் தேய்க்கலாம். நகம் தடுக்கும் வெட்டுக்காகக் கையால் தேய்த்தால், அந்த இடம் மட்டும் குழியாகி, தண்ணீர் தேங்கும். கோணலான வெளிச்சத்தில் கண்ணாடி நெளிவதுபோல் தெரியும். அதற்குப் பட்டறையில் யந்திரத்தால் கல் முழுவதையும் ஒரே மட்டமாக இழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். விட்டுவிடுங்கள் என்பதே நம் யோசனை.

தேய்ப்பதற்கு வேண்டிய முக்கியமான சாமானைத் திருவொற்றியூர்க்காரர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தச்சர்கள் உப்புத்தாள் என்றும், வர்ணம் அடிப்பவர்கள் வாட்டர் பேப்பர் என்றும் சொல்லுகிறார்களே, அந்தத் தாள்தான். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய கறுப்பு நிறத் தாளாகக் கேட்டு வாங்க வேண்டும். அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடிக்குக் கார்போரண்டம் என்று பெயர். இந்தப் பெயருக்குள்ளே ஒரு ருசிகரமான சரித்திரம் ஒளிந்திருக்கிறது. கீறல் சற்றுக் காத்திருக்கட்டும்.

நம் நாட்டுச் சாணைக்காரர்களும் ரத்தினம் பட்டை தீட்டுகிறவர்களும் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தது குருந்தக்கல். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்துச் சாணை செய்வார்கள். மோஸின் வரிசையில் குருந்தத்துக்கு ஒன்பது. அதற்கு மேல் வைரம் ஒன்றுதான். மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் நிறம் பெற்ற பிள்ளைகளே. நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் குருந்தத்தைப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இந்தக் கல் சீமைக்குப் போய்ச் சேர்ந்தது. 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கல்லோடு பெயரும் கப்பலேறியது. குருந்தம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆயிற்று என்று அவர்களுடைய அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன.

பிறகு 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிஸன் என்பவர் செயற்கை முறையில் வைரம் செய்யலாமா என்று களிமண்ணையும் கரியையும் கலந்து மின்சாரத்தால் காய்ச்சிப் பார்த்தார். வைரம் வரவில்லை. நீலங்கறுப்பாய் மின்னும் பொடி ஒன்று வந்தது. அது கரியும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணிக்கொண்டு, இரண்டு பெயரையும் ஒட்டிக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அதில் குருந்தம் துளிகூட இல்லை. மணலின் மூலப்பொருளான சிலிக்கனும் கரியும் சேர்ந்தது அது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954-ல் முருகப்பா குடும்பத்தாரும் அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனியும் பிரிட்டனின் யூனிவர்ஸல் கிரைண்டிங் வீல் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யூனிவர்ஸலைத் தொடங்கினார்கள். அதன் தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர்! தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன குருந்தம், நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் வெளிநாட்டில் சுற்றிவிட்டு, ஆங்கிலத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, கடற்கரை ஓரத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. அவ்வூர்ப் பஸ் நிலையத்தை அஜாக்ஸ் என்று அழைக்கிறார்களே, அந்தப் பெயரும் இதே தேய்ப்புத்தாள் தொழிலில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர்தான். பஸ் கண்டக்டர் தினம் நூறு தடவை கூவுகிற வார்த்தையில் இவ்வளவு இருக்கிறது என்று சொன்னபோது, வீட்டுப் பையன் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்த்தான்.

இனிக் காரியம். தாளின் முதுகில் எண் போட்டிருக்கும். எண் பெரிதானால் பொடி சிறிது. 220-ம் எண் தாளில் பொடியின் அளவு ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்; 2000-ம் எண்ணில் அதில் ஏழில் ஒரு பங்கு. நாம் 400, 800, 1500, 3000 என்று நான்கு தாள்கள் வாங்கிப் போயிருந்தோம். முதலில் சோப்பு நீரால் மேடையைக் கழுவி, மணல் ஒன்றுகூட இல்லாமல் துணியால் ஒற்றி எடுத்தோம். பார்வைக்கு எட்டாத பின் மூலையில் ஒரு சாண் இடத்தை அளந்துகொண்டோம். எந்தக் கல்லானாலும் முதல் பரீட்சையை மறைவான இடத்தில்தான் நடத்த வேண்டும். தட்டையான மரக்கட்டையின் மேல் தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். விரல் நுனியால் தாளை அழுத்தினால் விரல் விரலாகப் பள்ளம் விழும்.

400-ம் எண்ணால் ஐந்தாறு நிமிஷம் இடவலமாகத் தேய்த்தோம். கல்லின் மேல் பால் போன்ற கரைசல் ஊறிற்று. அது தேய்ந்த சலவைக்கல்லே. அதைத் துணியால் வழித்தெடுத்துவிட்டுப் பார்த்தபோது சகோதரிக்கு முகம் வெளுத்துவிட்டது. பழைய கோடுகள் போய்விட்டன. ஆனால் அந்த இடம் முழுவதும் சிலேட்டுப் பலகைபோல் மங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் அநேகர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பழைய பெரிய கீறல்களுக்குப் பதிலாக ஒரே அளவுள்ள ஆயிரம் சின்னக் கீறல்களை நாமே உண்டாக்கியிருக்கிறோம் என்பதே விஷயம். அடுத்த தாள் அவற்றைத் தன் அளவுக்குச் சிறிதாக்கும். கல்லையும் கட்டையையும் நன்றாகக் கழுவிவிட்டு, 800-ம் எண்ணால் முன்பின்னாக, அதாவது முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்தோம். குறுக்கே தேய்ப்பதன் சூட்சுமம், முன் தாளின் கோடு ஒன்று மிஞ்சியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதுதான். மிஞ்சியிருந்தால் அடுத்த எண்ணுக்குத் தாவக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் ஓரத்தில் இரண்டு விரற்கடை அதிகமாகப் பரப்பிக்கொண்டு போனால் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் வரப்புத் தெரியாது. 1500-ல் ஒரு மினுமினுப்பு எட்டிப் பார்த்தது. 3000-ல் ஜன்னல் கம்பிகள் கல்லுக்குள் தெரிந்தன.

கடைசிப் பளபளப்புக்கு, வெள்ளீயத்தை எரித்துச் செய்யும் வெண்பொடி கல் கடைகளில் கிடைக்கிறது. அதை நீரில் குழைத்துக் கம்பளித் துண்டால், ஈரம் வற்றி இறுகும் வரையில் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். தரைக்கு மெருகு போடுகிறவர்கள் ஆக்ஸாலிக் ஆசிட் சேர்ப்பார்கள். அது சீக்கிரம் பளபளப்புக் கொடுக்கும் என்பது வாஸ்தவமே. ஆயினும் அது விஷம். கையுறையும் அநுபவமும் இல்லாத வீட்டுக்குள் அது வேண்டாம். புளிப்பு அரித்த திட்டுக்களை 800-ம் எண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம். சாம்பல் கோடுகள் 1500-லேயே மறைந்துவிட்டன. பழைய மெருகுக்கும் நம் மெருகுக்கும் அணுவளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைக்க வேண்டுமானால் மேடை முழுவதையும் ஒரே தடவையாக 1500-லிருந்து மெருகிட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

கறை வேறு, கீறல் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த வீடுகளுக்குள் எண்ணெய் புகுந்து சுவரும் தரையும் கறையானது நேயர்களுக்கு நினைவிருக்கும். அம்மாதிரிக் கறையைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் உள்ளே ஊறியது அப்படியே இருக்கக் கல் மட்டும் தேயும். முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, உலரவிட்டு, கறையை உறிஞ்ச வைப்பதே அதற்கு வழி. தாஜ்மகாலின் சலவைக்கல்லில் படிந்த மஞ்சளைப் போக்கத் தொல்பொருள் இலாகாவினர் செய்வதும் இதுவே. கடைகளில் விற்கும் காப்பு எண்ணெய்களும் கறை ஊறுவதைத்தான் தாமதப்படுத்தும். மணலையும் ஆசிட்டையும் அவை தடுப்பதில்லை. கடப்பைக்கல்லும் சுண்ணாம்பு ஜாதியே ஆகையால் மேலே சொன்ன ஜாக்கிரதை அதற்கும் பொருந்தும். கருங்கல்லுக்கும், சலவைக்கல்லைப் போலத் தோன்றும்படி பிசினால் வார்த்த போலிக் கல்லுக்கும் இந்த முறை உதவாது.

மேஸ்திரி சொன்ன "கீறல் விழாத கல்" விஷயத்துக்கு வருவோம். அது மலையிலிருந்து வெட்டிய கல்லே அல்ல. படிகக்கல்லைத் தூளாக்கி, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யும் பலகை. கீறல் எளிதில் விழாது என்பதும், புளிக்கு அசையாது என்பதும் மெய். ஆனால் அதை அறுக்கும்போது பறக்கிற மெல்லிய தூசு, அறுக்கிறவனுடைய நுரையீரலில் போய்த் தங்கி சிலிகோஸிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்குகிறது. இதனாலேயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பதிப்பதையும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் நாட்டுத் தெருக்களில், வீட்டு வாசலில் வைத்து, மூக்கில் ஒரு துணிகூட இல்லாமல், உலர்ந்தபடியே கல் அறுக்கிற பையன்களை நேயர்கள் தினமும் பார்க்கிறார்கள். நம் மேடையில் கீறல் விழக் கூடாது என்பதற்காக இன்னொருவன் நெஞ்சில் அதை விழச் செய்வது நமக்குச் சம்மதமில்லை என்று சகோதரியிடம் சொன்னோம். எந்தக் கல்லை அறுத்தாலும் இழைத்தாலும் தண்ணீர் விட்டுச் செய்யச் சொல்லுவது வீட்டுக்காரர்களின் கடமை. நம் வீட்டில் நாமே உப்புத்தாளால் தேய்க்கும்போதும் அப்படியே.

பிற்பகல் இரண்டு மணிக்குள் குழாயைச் சுற்றிய பாதி மேடை முடிந்தது. மீதியைத் தானே முடித்துவிடுவதாகப் பையன் சொன்னான். கம்பி நாரும் பொடியும் ஸ்நான அறையிலிருந்து வெளியேறின. அவற்றுக்குப் பதிலாக ஒரு மெல்லிய பருத்தித் துணியும் சாதாரணச் சோப்பும், சோப்புப் பெட்டிக்கும் செம்புக்கும் அடியில் போட ஒரு மரத்தட்டும் வந்தன. துடைப்பதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி மணலை அடித்துவிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டோம்.

நாம் கிளம்புகிற சமயத்தில் பெரிய அம்மாள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். கையில் மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கள் இருந்தன. வேலைக்கார அம்மாள் அவற்றை வாங்கி எண்ணாமல் முடிந்துகொண்டாள். பிறகு குழாயருகே குனிந்து, நாம் தொடாமல் விட்ட அந்த ஆழமான வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லீங்கம்மா" என்றாள். "தெரியும், தெரியும்" என்றார்கள் பெரிய அம்மாள்.